எதிர்பாராத கர்ப்பத்திலிருந்து காதல் பிறக்குமா? (திருகோணமலை, விவாத இழை)

தொடக்கக் கேள்வி: உவர்மலை வாசகர் ஒருவர், 2025 ஜூன் 7

"வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது என்பதற்காகச் சேர்ந்து வாழத் தொடங்கியவர்களிடம் இருப்பது கடமை மட்டுமே. அதற்குக் காதல் என்று பெயர் சூட்டிக் கலகலப்பான கதைகளாக எழுதுவது பொய். நம் ஊரில் அப்படி ஒரு சோடி உண்மையாகவே காதலித்து வாழ்ந்ததை யாராவது கண்டதுண்டா?"

2025 ஜூன் 7, இரவு

கண்டதுண்டு. அந்தச் சோடியில் ஒருத்தி நான்.

2018ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எங்களுக்கு எழுத்து முடிந்தது. பதிவாளர் வீட்டுக்கு வந்தார், இரு பக்கத்துச் சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள், பலகாரம் பரிமாறப்பட்டது, அத்துடன் சட்டத்தின் முன் நாங்கள் கணவன் மனைவி ஆனோம். தாலிகட்டு ஆவணியில் என்று நாள் வைத்திருந்தார்கள். இடைப்பட்ட அந்த ஆறு மாதமும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு விசித்திரமான காலம் என்பது இந்த ஊரில் அதைக் கடந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். அவருடன் நிலாவெளிக் கடற்கரைக்குப் போய் வரலாம், ஆனால் விளக்கு வைக்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும். அவருடைய வீட்டில் சாப்பிடலாம், ஆனால் அங்கே இரவு தங்கக் கூடாது.

எங்களுடையது பேச்சுக் கல்யாணம். அவர் கந்தளாயில் நீர்ப்பாசன வேலையில் இருந்தார். நான் மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தேன். தொலைபேசியில் பேசுவோம். சாப்பிட்டாயிற்றா, மழை பெய்கிறதா, பஸ் கிடைத்ததா என்பதற்கு மேல் பேச்சு வளராது. வெறுப்பும் இல்லை, ஈர்ப்பு என்று சொல்லிக்கொள்ளத்தக்கதாக எதுவும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அவருடைய வீட்டார் கோயிலுக்குப் போய்ப் பிந்தி வந்தார்கள். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டியதில்லை.

வைகாசி பிறந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

2025 ஜூன் 8

அவருக்கு எப்படிச் சொன்னேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தொலைபேசியில்தான் சொன்னேன். குளக்கட்டில் நின்றுகொண்டிருந்தார் போலும். காற்று இரைகிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. "நான் வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். கந்தளாய் வீதியோரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்குமே, அந்தச் சட்டி. வாயைத் தாளால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தது, பஸ்ஸின் குலுக்கலில் ஓரமாகக் கசிந்து அவருடைய வெள்ளைச் சட்டையின் வயிற்றுப்பக்கம் முழுவதும் ஈரமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் அதை என்னிடம் நீட்டினார். தயிரின் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதும் நான் கிணற்றடிக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது சட்டியை முற்றத்தின் கடைசி மூலையில், வேலியோரமாக, இயன்ற அளவு தூரத்தில் வைத்துவிட்டு அதற்கும் எனக்கும் நடுவில் காவலாளியைப் போல் நின்றார்.

"பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்கும்தான். ஆனா சந்தோசமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்டா வருமெண்டு எனக்குத் தெரியாது."

சாப்பாட்டையும் மழையையும் தவிர்த்து அவர் என்னுடன் பேசிய முதற்பேச்சு இதுதான்.

2025 ஜூன் 8, சற்று நேரம் கழித்து

இது "திருமணத்துக்கு முன்னான கர்ப்பம்" என்று மட்டக்களப்பு அன்பர் எழுதியிருக்கிறார். சட்டப்படி அப்படியல்ல. பதிவாளர் முன் கையெழுத்திட்ட நாளே திருமண நாள். தாலிகட்டு சமய வழக்கம். ஊரின் கணக்கு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு ஏற்பட்ட இக்கட்டும், அதிலிருந்து வந்த சிரிப்பும் அந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான் இருந்தன.

2025 ஜூன் 11

பெரியவர்களுக்குச் சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா அழுதார், பிறகு முட்டை அவித்துத் தந்தார். மாமி, அதாவது அவருடைய அம்மா, அழவே இல்லை. பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொல்லிப் பக்கங்களைப் புரட்டினார். ஆவணி வரை பொறுத்தால் கூறைச் சேலைக்குள் வயிறு அடங்காது. ஆடியில் கலியாணம் செய்வதில்லை. ஆகவே ஆனியைத் தவிர வேறு மாதமே இல்லை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு ஆவணியில் லீவு கிடைக்காதாம் என்று உறவினர்களுக்குச் சொல்லப்பட்டது. எல்லோரும் நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள். அது அன்பினால் செய்த காரியம் என்றே இன்றும் கருதுகிறேன்.

அட்டையில் எழுதும் கர்ப்ப வாரம் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கந்தளாய் அன்பர் எழுப்பிய கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. முதல் கிளினிக்கில் அட்டையில் எழுதிக் கொடுத்த வாரத்தை அவர் வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். அது புத்தாண்டுக்கு இரண்டு கிழமை முன்னால் போய் நின்றது. அந்த நாட்களில் அவர் கந்தளாயில், நான் மூதூரில். நீர்மட்டம் அளக்கிற மனிதருக்குக் கணக்கு இடித்தால் நித்திரை வராது. ஆனால் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை, அட்டையைத்தான் சந்தேகித்தார். மறுநாளே எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைத் தேடிப்போய் அட்டையில் பிழை இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் சிரித்து முடித்த பிறகு விளக்கினாராம்: கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், பிள்ளை தங்குவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான், ஆகவே அந்த 40 வாரத்தில், அதாவது 280 நாளில், முதல் இரண்டு வாரமும் பிள்ளையே இல்லாத வாரங்கள். அவர் திரும்பி வந்து இதை எனக்கு ஒரு கொப்பித் தாளில் கோடு கிழித்துக் காட்டினார். எனக்கு அது முன்பே தெரியும். தெரியாதது போல முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசியதை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

2025 ஜூன் 15

நேற்று என் தங்கை இந்த இழையை வாசித்துவிட்டு, "பொன்னுருக்கு நாளை எழுதாமல் என்ன எழுதுகிறாய்?" என்று கேட்டாள். எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக: தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து உருக்குவது எங்கள் வழக்கம். பொன்னுருக்கிய பின் தாலிகட்டும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. மாமி இதில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். ஆனால் அந்த இடைவெளிக்குள் எனக்குக் கிளினிக் நாள் வந்துவிட்டது. கிளினிக்குக் கட்டாயம் தானும் வருவேன் என்று அவர் சொன்னார். தாயும் மகனும் ஒரு மாலை முழுவதும் வாதாடினார்கள் என்று பின்னர் மச்சாள் சொன்னாள். தாய்க்கு எதிராக அவர் குரல் எழுப்பியது அதுவே முதல் தடவையாம். கடைசியில் மாமி ஒரு தீர்ப்புச் சொன்னார்: வரலாம், பார்க்கக் கூடாது.

கிளினிக்கில் மரவாங்குகள் இரண்டிரண்டாக முதுகுக்கு முதுகு வைக்கப்பட்டிருந்தன. நான் கதவைப் பார்த்த வாங்கில் இருந்தேன். அவர் எனக்குப் பின்னால், சன்னலைப் பார்த்த வாங்கில் வந்து அமர்ந்தார். வருகிறபோது முகத்தை ஒரு கொப்பியால் மறைத்துக்கொண்டு வந்ததாக என்னுடன் வந்த தங்கை சொன்னாள். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை என்று வரிசை மெல்ல நகர்ந்தது. வாங்கின் முதுகுப்பலகை வழியாக அவருடைய குரல் கேட்டது.

"இண்டைக்கு என்ன நிறச் சேலை?"

"பச்சை."

"என்ன பச்சை?"

"மாங்காய்ப் பச்சை. ஏன் கேக்கிறீங்க?"

"பாக்கக் கூடாதெண்டுதான் அம்மா சொன்னவ. கேக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை."

அதன்பின் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் எதற்குப் பயந்தேன், எந்தப் பாடம் படிப்பிக்கப் பிடிக்காது, மழை நாளில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது என்ன நினைப்பேன். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படுமுன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த நாட்களில், தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பேன் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தண்ணீரோடு வேலை செய்கிற தனக்கு நீந்தத் தெரியாது என்றும், அலுவலகத்தில் எவருக்கும் அதைச் சொன்னதில்லை என்றும் சொன்னார். முகம் தெரியாததால் இருவருக்கும் பேச்சு எளிதாக இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது எழும்ப மனம் வரவில்லை.

பக்கத்தில் இருந்த நிறைமாதப் பெண் ஒருத்தி, "உங்கட அவரோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "கோவமோ?" என்றாள்.

2025 ஜூன் 16

காதல் எந்த இடத்தில் தொடங்கியது என்று திட்டமாகச் சொல்லும்படி உவர்மலை வாசகர் கேட்கிறார். முதலில் தயிர்ச் சட்டி என்றுதான் எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் தயிர்ச் சட்டி அவருடைய நல்ல மனத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். நல்ல மனம் உள்ள எவரும் அதைச் செய்திருப்பார். வாங்கில் கேட்ட கேள்விகள் அப்படியானவை அல்ல. பிள்ளையின் தாயிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவர் அன்று கேட்டதெல்லாம் என்னைப் பற்றி. கடமையிலிருந்து காதல் பிரிகிற இடமாக நான் அதைத்தான் காட்டுவேன்.

2025 ஜூன் 22

வழக்கறிஞரான வாசகி எழுதிய நீண்ட மறுப்பை இரண்டு முறை வாசித்தேன். எழுத்து முடிந்த பத்திரம் கையில் இருந்ததால்தான் என் கதை கலகலப்பாக முடிந்தது, அது இல்லாத பெண்ணுக்கு இதே செய்தி இடியாக விழும் என்கிறார். முற்றிலும் உண்மை. மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் வர வேண்டுமானால் இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் போக வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருவைக் கலைக்க 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் இடம் தரவில்லை. ஆண் விலகிப் போய்விட்டால் பெண் முழுப் பாரத்தையும் தனியே சுமக்கிறாள்.

ஆகவே, பிள்ளை ஒன்று வந்துவிட்டால் மனம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த இழையை வாசிக்கிற எந்தத் தாயும் மகளுக்கு அப்படி ஆறுதல் சொல்லக் கூடாது. எங்களைப் பிள்ளை ஒட்டவைக்கவில்லை. பிள்ளையால் எங்களுக்குப் பேச வேண்டிய தேவை வந்தது. பேசியபோது பிடித்துப் போயிற்று. பிடிக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் அவர் பொறுப்பாக நடந்திருப்பார், நானும் நடந்திருப்பேன், ஆனால் இந்த இழையில் உவர்மலை வாசகரின் பக்கம் நின்று எழுதியிருப்பேன்.

2025 ஜூன் 29

தாலிகட்டு.

பன்னிரண்டாம் வாரம். மசக்கை பெரும்பாலானோருக்கு அதையொட்டித் தணியத் தொடங்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள், எனக்குத் தணியவில்லை. மணவறையில் ஓமப் புகை, நெய், சாம்பிராணி, மல்லிகை எல்லாம் சேர்ந்து வந்தபோது கண் இருட்டியது. கூறை மாற்றி வந்து அமர்ந்தவுடன், இனி முடியாது, எழும்பி ஓடத்தான் வேண்டும் என்று தோன்றியது. அப்போது சேலை மடிப்புக்குள் என் உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஏதோ வந்து அமர்ந்தது. பாதியாக வெட்டிய தேசிக்காய். ஒரு கைக்குட்டையில் சுற்றி, வேட்டி மடிப்புக்குள் காலையிலிருந்து வைத்திருந்திருக்கிறார். முகத்தை ஐயர் பக்கம் வைத்துக்கொண்டே, "மணந்து பாருங்க. இன்னும் ரெண்டு இருக்கு" என்று உதடு அசையாமல் சொன்னார்.

ஐயரும் கண்டுவிட்டார். அவர் மந்திரத்தை நிறுத்தாமலேயே விசிறியைத் திருப்பிப் புகையை மறுபக்கம் தள்ளினார்.

படப்பிடிப்பாளர் எடுத்த படம் ஒன்றில் நான் மூக்கருகே கையை வைத்துக்கொண்டு அழுவது போலத் தெரியும். பெற்றோரைப் பிரிகிற துயரம் என்று உறவினர்கள் அதைப் பாராட்டினார்கள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

2025 ஜூலை 2

கர்ப்பிணி பப்பாசியும் அன்னாசியும் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு. பழுத்த பப்பாசியைச் சாப்பிடலாம். பாலுள்ள காயைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். உணவாக அளவோடு உண்ணும் அன்னாசியால் கருவுக்குத் தீங்கு இல்லை. அவர் இதைக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அன்னாசியைக் கண்டால் பதறுகிற தம் பெரியம்மாவிடம் எனக்காக வாதாடினார். வாதில் தோற்று, பழத்தை ஒளித்துக் கொண்டுவந்து தந்தார். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற திரிபோஷாச் சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிக்கவும் பழகினார். பிடித்தவற்றில் பாதியை அவரே சாப்பிட்டார் என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

2025 ஜூலை 6

திருகோணமலையில் காதல் கதை என்றால் எல்லோரும் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏறிவிடுகிறார்கள் என்று கதை எழுதும் இளம் வாசகி ஒருவர் குறைப்படுகிறார். எனக்கும் அந்தக் குறை உண்டு. கோணேசர் கோயிலருகே 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் ஒன்று இருக்கிறது. கப்பலேறிப் போன காதலனை நினைத்து டச்சு அதிகாரியின் மகள் பிரான்சினா அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்ற கதையை வழிகாட்டிகள் ஒவ்வொரு நாளும் சொல்கிறார்கள். கேட்பவர்களும் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

நாங்களும் ஐந்தாம் மாதத்தில் அங்கே போனோம். கோட்டை வாசலில் மான்கள் நின்றன. படிகளில் நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவரும் நின்று, தனக்குத்தான் களைப்பு என்று எதிரே வருகிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். மேலே, கடற்காற்றில், பிள்ளை முதன்முதலாகத் துடித்தது. வயிற்றுக்குள் ஒரு சிறு மீன் வாலை ஆட்டியது போல் இருந்தது. அவருடைய கையை எடுத்து வைத்தேன். வெளியே தெரியும் அளவுக்கு இன்னும் வலு வராத காலம், ஆகவே அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் கையை எடுக்கவே இல்லை. தரிசனத்துக்கு வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

இளம் வாசகிக்கு என் வேண்டுகோள்: உங்கள் கதையில் வாந்தியை விட்டுவிடாதீர்கள், பஸ்ஸை விட்டுவிடாதீர்கள், கிளினிக் வரிசையை விட்டுவிடாதீர்கள். மலை விளிம்பில் நிற்கிற இருவரை விட, அங்கிருந்து இறங்கி வந்து பஸ்ஸில் இருக்கை தேடுகிற இருவரிடம்தான் எழுத நிறைய இருக்கிறது.

2025 ஜூலை 7

பஸ் என்றதும் நினைவு வந்தது. அந்த மாதங்களில் மூதூர் பஸ்ஸில் எனக்கு எப்போதும் முன்கதவுக்கு அருகில் சன்னலோர இருக்கை கிடைத்தது. ஊர் நல்ல ஊர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிரசவ லீவுக்கு முந்திய கடைசி நாளில்தான் நடத்துநர் சொன்னார்: "உங்கட அவர் வைகாசியிலயே வந்து சொல்லிட்டுப் போனவர், டீச்சர்." அப்போது எங்கள் வீட்டாருக்கே செய்தி தெரியாது. இந்த ஊரில் முதலில் அறிந்தவர் ஒரு பஸ் நடத்துநர்.

2025 ஜூலை 13

மகள் மார்கழியில், 2019 ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தாள். ஆனியில் தாலிகட்டு, மார்கழியில் பிள்ளை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வந்த பெரியம்மாமார் விரல் மடித்து எண்ணிவிட்டு, "ஏழாம் மாசத்துப் பிள்ளை, கவனமாப் பாக்கவேணும்" என்று ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தபோது நிறை 3 கிலோ 100 கிராம். ஏழு மாதத்தில் பிறக்கிற பிள்ளை அதில் பாதி நிறை இருந்தாலே பெரிது. மாமி ஒரு சொல் பேசவில்லை. பிள்ளையை இரண்டு கைகளாலும் தூக்கி மூத்த பெரியம்மாவின் மடியில் வைத்தார். அவரும் பாரத்தை உணர்ந்தார், மாமியின் முகத்தைப் பார்த்தார், "பத்தியக்கறி நல்லா வேலை செய்திருக்கு" என்றார்.

லீவு பற்றிக் கேட்டவருக்கு: அரச சேவையில் தாய்க்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்துடன் கிடைக்கும்; சனி, ஞாயிறு அதில் சேராது. தகப்பனுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் வைத்தியசாலை வாசலிலேயே நின்றார். மிகக் குறைவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

2025 ஜூலை 20

உவர்மலை வாசகர் தம் கூற்றில் பாதியை மீளப் பெறுவதாக எழுதியிருக்கிறார். மற்றப் பாதியை அவர் வைத்துக்கொள்ளட்டும். கடமை மட்டும் மிஞ்சிய வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

தம் தங்கைக்கு எழுத்து முடிந்து இதே நிலை என்றும், பொன்னுருக்குக்கும் தாலிகட்டுக்கும் நடுவில் கிளினிக் நாள் விழுகிறது, என்ன செய்வது என்றும் சாம்பல்தீவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போகச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையையும் சத்து மாத்திரைகளையும் முகூர்த்தத்துக்காகத் தள்ளிப்போடக் கூடாது. மாப்பிள்ளையும் கூடவே போகட்டும். இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முதுகுக்கு முதுகு இருந்தால் குற்றமில்லை, தேசிக்காய் மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.